இழுவைக் கூலி

செத்துப்போன மகனை ஹூஸ்டனிலிருந்து ஊருக்கு அனுப்பிவைக்க ஆறாயிரத்து நானூறு டாலர் என்றார்கள். தொன் சீலோ அதை ஐயாயிரத்து எழுநூறுக்கு இறக்கினார்.

சல்காஹாவில் பிறந்தவனுக்குச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருவது, உள்ளாடையோடு மாதாகோயில் பூசைக்குப் போய் முன்வரிசையில் உட்காருவது மாதிரி. குவாத்தமாலா மலைமேல் இருக்கிற அந்த ஊரில் பாதிப்பேர் பழைய வண்டி விற்கிறவர்கள். மீதிப்பேர் வாங்கிவிட்டுச் சண்டைக்கு வருகிறவர்கள். வடக்கே டெக்சாஸுக்குப் போய், வண்டியை ஏலத்தில் எடுத்து, அதன் வாலில் இன்னொன்றைக் கட்டி, மெக்சிகோ முழுக்க இழுத்துக்கொண்டு வந்து, துடைத்துப் பளபளப்பாக்கி நிறுத்தினால் பிழைப்பு. ஊரே மரியாதையாக 'தொன்' போட்டுக் கூப்பிடுகிற சீலோ இருபத்திரண்டு வருஷமாக இழுக்கிறார். அதனால் சவ அடக்கக்காரனின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தபோது அவர் வாய் தானாகவே பேசிவிட்டது.

"எரிச்சுச் சாம்பலாக் குடுத்தா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

எரிக்கிற எண்ணமே அவருக்குக் கிடையாது. பெண்டாட்டி தோயா மகனை மண்ணில் வைக்காமல் ஓயமாட்டாள். ஆனால் வேறு வழியும் இருக்கிறது என்று எதிராளிக்குக் காட்டவேண்டும். தேவை தெரிந்துவிட்டால் விலை இறங்காது. அந்த மனிதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், எழுநூறைக் குறைத்தான்.

வெளியே வெயிலுக்கு வந்ததும் மகள் மார்லெனி கேட்டாள்: "எழுநூறு லாபமாப்பா?"

அவர் ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தார். லாபம்தான். அதுதான் உறுத்தியது.

மகன் ஓஸ்வெலி எட்டு வருஷமாக ஹூஸ்டனில் கூரை வேய்கிற வேலை பார்த்தான். மழை விட்ட காலையில், ஈரம் காயுமுன் ஏறி, வழுக்கி விழுந்திருக்கிறான். அவன் விட்டுப்போனது ஆணி அடிக்கிற துப்பாக்கி ஒன்று, மெத்தை, தொலைக்காட்சி, அப்புறம் ஒரு கறுப்புப் பிக்கப் வண்டி. அந்தப் பிக்கப்பை வாங்கிய அன்றைக்கு, முன்மூடியில் கை வைத்து நின்று படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். "டிசம்பர்ல இதுலயே வர்றேம்மா. உன்ன முன்னால ஒக்கார வச்சு ஷேலாவப் பூரா சுத்திக் காட்டுறேன்" என்றான். ஷேலா சல்காஹாவிலிருந்து கூப்பிடு தூரம். தோயா வாரத்துக்கு மூன்று தடவை சந்தைக்குப் போகிற ஊர். இருந்தாலும் அவள் டிசம்பருக்குக் காத்திருந்தாள்.

அப்பாவும் மகளும் ஹூஸ்டன் வந்து சேர்ந்ததும் தொலைபேசியில் அவள் ஒன்றுதான் கேட்டாள். "அவன் வண்டியிலதான் அவன் கல்லறைக்குப் போகணும். நீங்க ஓட்டணும். வேற எதுவும் நான் கேக்கல."

உடல் விமானத்தில் போகும். காகிதமெல்லாம் முடிய இரண்டு வாரம் பிடிக்கும் என்றார்கள். சாலை வழியாகப் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு போக ஒரு வாரம் போதும். நேரம் தாராளமாக இருந்தது. தாராளமாக இருந்ததால் தொன் சீலோ ஏலத்துக்குப் போய்விட்டார்.

"எதுக்குப்பா இன்னொரு வண்டி?" மார்லெனி வாசலிலேயே மறித்தாள். அவளும் அப்பாவோடு ஆறேழு நடை இழுத்தவள். சுக்கானில் உட்கார்ந்தால் அண்ணனைவிட நிதானம். "அண்ணன் வண்டிய எடுக்கத்தான வந்தோம்."

"எல்லைப் பாலத்துல ஏஜண்டு கூலி ஒண்ணுக்கும் அதான், ரெண்டுக்கும் அதான்."

"இது எஞ்சினே செத்த வண்டி. உருட்டித்தான் கொண்டுபோகணும்."

"செத்ததாலதான் இந்த வெலை. எஞ்சின் ஊர்ல எதிர்வீட்டு அம்ப்ரோசியோகிட்ட வெலைக்குக் கெடக்கு. மாட்டி வித்தா சவப்பெட்டிக்குக் கடன் வாங்குனது அடையும்." கொஞ்சம் பொறுத்து, அவர் தனக்கே சொல்வதுபோலச் சொன்னார்: "வெறும் வாலோட நான் ஒரு நடைகூடத் திரும்புனதில்ல."

"இது நடை இல்லப்பா" என்றாள் அவள். ஆனால் சங்கிலியை அவள்தான் எடுத்துவந்தாள்.

*

மெக்சிகோவுக்குப் போகிற பாலத்துக்கு இந்தப் பக்கம், டெக்சாஸ் புழுதிக் காட்டில், தெற்கே போகிறவர்கள் காகிதத்துக்காகக் காத்துக் கிடக்கிற வளாகம் ஒன்று உண்டு. வண்டியும் வாலுமாக வரிசை. ஒவ்வொன்றின் முதுகிலும் சைக்கிள், குளிர்பெட்டி, கட்டில், சலவை இயந்திரம். சாமான்களுக்கு நடுவே கயிறு கட்டிச் சட்டை காயும். மத்தியானம் ஒரு மெக்சிகோக்காரி கோதுமை ரொட்டியில் பீன்ஸ் சுருட்டி விற்க வருவாள். மக்காச்சோள ரொட்டி இல்லாமல் இவர்களுக்குத் தொண்டையில் இறங்காது. "இத வச்சு டயருக்கு ஒட்டுப் போடலாம்" என்று திட்டிக்கொண்டே ஆளுக்கு மூன்று தின்பார்கள்.

அங்கே தார்ப்பாய்க்குக் கீழே கடை போட்டிருந்தான் நாஊன். ஹோண்டுராஸ்காரன். தெற்கே போய்க்கொண்டிருந்தவன் வண்டி ரிப்பேராகி அங்கேயே தங்கி, அடுத்தவன் வண்டியை ரிப்பேர் பார்க்க ஆரம்பித்துப் பதினோரு வருஷம். அவன் முக்கியமாக மாட்டுவது கூலர். ஆட்டோமேடிக் கியர்பாக்ஸுக்கு எண்ணெய்தான் ரத்தம். பின்னால் இன்னொரு வண்டியைக் கட்டி இழுத்தால் அந்த எண்ணெய் சுடும். வண்டியோடு பிறந்த ரேடியேட்டரால் அதை ஆற்ற முடியாது. அதற்காக ரேடியேட்டருக்கு முன்னால், காற்று முதலில் படுகிற இடத்தில், புத்தகப் பருமனில் ஒரு சின்னக் கூலரைக் கட்டி, எண்ணெய்க் குழாயை வெட்டி அதற்குள் சுற்றிவிடுவார்கள். ஓஸ்வெலியின் பிக்கப்பில் அது இல்லை. அவன் எதையும் இழுக்கிற திட்டத்தில் இருக்கவில்லை.

தொன் சீலோ கையோடு ஒரு கூலர் கொண்டுவந்திருந்தார். பழைய சாமான் கிடங்கில் இருபத்தைந்து டாலர், நாற்பது சொன்னான். நாஊன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், மூக்கில் வைத்தான்.

"எந்த வண்டியில கழட்டுனது?"

"கெடங்குல கெடந்துச்சு."

"அந்த வண்டி ஏன் கெடங்குக்கு வந்துச்சுன்னு கேட்டீங்களா?"

"வண்டி ஏன் வரும்? வயசாகித்தான் வரும். நீயும் நானும் போகலியா?"

"கியர்பாக்ஸ் எரிஞ்சு வந்திருந்தா? அரைபட்ட இரும்புப் பொடி பூரா இதுக்குள்ளதான் ஒக்காந்திருக்கும்."

"பெட்ரோல் ஊத்திக் கழுவிருவோம்."

"கழுவுனா போகாது தொன் சீலோ. உள்ள பூரா மடிப்பு மடிப்பா இருக்கு. மடிப்புல ஒட்டிக்கிட்டு சும்மா கெடக்கும். எண்ணெ நல்லாச் சுடும்போதுதான் எறங்கி வரும். கொஞ்சம் கியர்பாக்ஸுக்குள்ள போகும், கொஞ்சம் வழிய அடைக்கும். சமதரையில ஒண்ணும் தெரியாது. ஏத்தத்துல தெரியும்." துணியில் கையைத் துடைத்தான். "புதுசு மாட்டுங்க. நூத்திருபது. மாட்டுக்கூலி நாப்பது."

"புதுசு யாரு விக்கிறா?"

"நாந்தான்."

தொன் சீலோ சிரித்தார். ஓஸ்வெலி இறந்தபிறகு அதுதான் முதல் சிரிப்பு. விற்கிறவன் வாயிலிருந்து வருகிற உண்மையைப் பாதி விலைக்கு எடுப்பதுதான் அவர் படித்த படிப்பு. அவரே வாங்க வருகிறவனிடம் எத்தனை உண்மை சொல்லியிருக்கிறார், எவன் நம்பினான்?

"இத மாட்டு. கூலி முப்பது."

"முப்பத்தஞ்சு. ஆனா பொம்பளப் பிள்ள முன்னால சொல்லிட்டேன், அப்புறம் நாஊன் சொல்லலன்னு சொல்லக்கூடாது."

மார்லெனி பின்பலகையில் உட்கார்ந்து பீன்ஸ் தின்றுகொண்டிருந்தாள். "அப்பா, புதுசே வாங்கிருவோம். அண்ணன் வண்டி."

"அண்ணன் வண்டின்னுதான் கூலரே போடுறேன்" என்றார்.

அவரே பெட்ரோல் ஊற்றிக் கழுவினார். மூன்று தடவை. வாய் வைத்து ஊதினார். காற்று மறுபக்கம் தாராளமாக வந்தது. கடைசியாக வந்த பெட்ரோலை உள்ளங்கையில் ஏந்தி வெயிலில் பார்த்தார். சுத்தமாக இருந்தது. நாஊன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் குழாயை வெட்டினான், கூலரைக் கட்டினான், ரப்பர்க் குழாயைச் செருகி வளையம் போட்டு இறுக்கினான். எஞ்சினை ஓடவிட்டு, அளவுக்குச்சியை உருவிக் காட்டினான். எண்ணெய் புதுசுபோலச் செக்கச்செவேலென்று இருந்தது.

"பாத்தியா?" என்றார் தொன் சீலோ.

"இப்ப ஒண்ணும் தெரியாதுன்னுதான நானும் சொன்னேன்."

*

மெக்சிகோவில் சமதரை. கறுப்புப் பிக்கப் இழுத்தது இழுக்கிற மாதிரியே தெரியவில்லை. ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் தூரத்தில் கடல். சாலையோரத்தில் சீருடை மாட்டிய யார் யாரோ கை காட்டி நிறுத்தினார்கள். நிஜச் சீருடை எது, தைத்துப் போட்டது எது என்று பார்க்க நேரமில்லை. ஒவ்வொருவரிடமும் தொன் சீலோ இறங்கிப்போய்ப் பேசினார். இருபது டாலர் கேட்டவனுக்கு எட்டு, பத்துக் கேட்டவனுக்கு ஒரு பழைய சைக்கிள். ஒருவனுக்கு வெறும் ஆசீர்வாதம். ஏறி உட்கார்ந்ததும் மார்லெனியிடம் தொகையைச் சொல்வார். முன்பெல்லாம் அவள் கைதட்டுவாள்.

மூன்றாம் நாள் ஒரு ஆற்றங்கரைக் கடையில் பொரித்த மீன் வாங்கினார்கள். அவள் ஓட்டினாள், அவர் முள்ளெடுத்து அவள் வாயில் ஊட்டினார்.

"அண்ணன் முகத்த நீங்க பாத்தீங்களாப்பா, அங்க?"

"காகிதத்துலதான் கையெழுத்துப் போட்டேன்."

"கேட்டாங்கல்ல, பாக்குறீங்களான்னு?"

"ஊர்ல பாத்துக்குறேன்னேன்." முள்ளை வெளியே எறிந்தார். "ரோட்டப் பாரு."

அன்று சாயங்காலம்தான் தோயா கூப்பிட்டாள். காகிதம் யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் முடிந்துவிட்டதாம். பெட்டி சனிக்கிழமை வந்துவிடும். எதிர்வீட்டு தொன் அம்ப்ரோசியோ தன் வேனைக் கொண்டுபோய்த் தலைநகரிலிருந்து எடுத்துவருகிறார்.

"அவன ஏன் கேட்ட?" என்றார் தொன் சீலோ. அம்ப்ரோசியோவும் வண்டி வியாபாரிதான். இருபத்திரண்டு வருஷமாக இரண்டு பேரும் ஒருவர் வாடிக்கையை ஒருவர் கலைத்துப் பிழைக்கிறவர்கள்.

"நான் எங்க கேட்டேன்? அவரா வந்து நின்னாரு. பெட்டி மேல காகிதம் ஒட்டியிருக்காம், தெறக்கக்கூடாது, ஞாயித்துக்கிழமைக்கு மேல வைக்கக்கூடாதுன்னு. சாமியார் மூணு மணிக்குன்னுட்டாரு. வந்துருவீங்கல்ல?"

"மூணு மணிக்கு முன்னாடியே வாசல்ல நிப்பேன்."

"அவன் வண்டியோட."

"அவன் வண்டியோடதான்."

அதற்கப்புறம் இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டினார்கள். சனிக்கிழமை குவாத்தமாலா எல்லை தாண்டினார்கள். ஞாயிறு விடிய, அடிவாரத்து ஊரான ரேயுவில் ஒரு கடையில் கறுப்புக் காப்பி குடித்துவிட்டு மலைக்கு முகத்தைத் திருப்பினார்கள். கடற்கரை வெக்கையிலிருந்து ஏற்றம் தொடங்குகிறது. கரும்பு போய்க் காப்பித் தோட்டம் வரும், காப்பி போய் மேகம் வரும். அதற்கு அப்புறம் வீடு.

ஏற்றம் பாதியில் வண்டி உறுமியது, ஆனால் முன்னே போகவில்லை. கியர் வழுக்கிப் பிடித்தது. பிடித்து வழுக்கியது. தொன் சீலோ நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, அளவுக்குச்சியை உருவினார். மார்லெனி எட்டிப் பார்த்தாள். எண்ணெய் கறுத்து, தீய்ந்த வெல்லம் மாதிரி நாறியது. அவர் அதை விரலில் தேய்த்தார். விரலில் வெள்ளிப்பொடி மினுங்கியது.

மார்லெனி சக்கரத்துக்குக் கல் வைத்தாள். ஆறவிட்டு, மறுபடி எடுத்தார்கள். ஊர்ந்து ஊர்ந்து சூனில் என்ற ஊரைத் தாண்டி, அடுத்த வளைவில், மலை இரண்டு பக்கமும் நெருக்குகிற இடத்தில், பிக்கப் நின்றுபோனது. எஞ்சின் நன்றாக ஓடியது. சக்கரத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

மணி பதினொன்று. வீடு அரைமணி நேரத் தூரம்.

*

அந்த வளைவில் தொலைபேசி எடுக்காது. சாலையோரம் வாய்க்காலில் ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் நின்று வெங்காயம் அலசிக்கொண்டிருந்தாள். கட்டுக் கட்டாக, வெள்ளையாகக் கரையில் அடுக்கியிருந்தாள். மலைச்சரிவில் வெந்நீர் ஊற்றின் ஆவி எழும்பி மேகத்தோடு சேர்ந்துகொண்டிருந்தது.

"வண்டி கெடக்கட்டும்ப்பா" என்றாள் மார்லெனி. "பஸ் பிடிச்சுப் போவோம்."

"விட்டுட்டுப் போனா சாயங்காலம் வந்து பாத்தா எலும்புதான் இருக்கும். அவன் சாமான் பூரா இதுலதான இருக்கு."

"அம்மாவுக்கு வண்டிதான் வேணும்னு நெனைக்கிறீங்களா?"

"வண்டிதான கேட்டா? நீ போ. நான் இழுவை வண்டி ஒண்ணப் பிடிச்சு பின்னாலயே வர்றேன். இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. பாதி ஊரையே இழுத்துட்டு வந்துரலாம்."

"போனதும் அம்ப்ரோசியோ மாமாவ அனுப்பவா?"

"அவன் வேண்டாம்." குரல் சட்டென்று ஏறியது. "அவன் வந்து இழுத்தா, ஆயுசுக்கும் வண்டி பாக்க வர்ற ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லுவான், சீலோ மகன் பொணத்துக்கே சீலோ வண்டிய நான்தான் இழுத்தேன்னு. அம்மாகிட்ட நான் பின்னாலயே வர்றேன்னு மட்டும் சொல்லு."

பஸ் வந்தது. அவள் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். "பேரம் பேசாதீங்கப்பா" என்றாள். பஸ் வளைவில் மறைந்தது.

ஒரு மணிநேரம் கழித்து, மஞ்சள் இழுவை லாரி ஒன்று காலியாக மேலே ஏறி வந்தது. தொன் சீலோ கை காட்டினார். ஓட்டுகிறவன் நாற்பது வயதுக்காரன், பருத்தவன், வாயில் பல்குச்சி. இறங்கி வந்து இரண்டு வண்டியையும் சுற்றிப் பார்த்தான்.

"சல்காஹாவா? பேச்சே சொல்லுது. ரெண்டும் சேத்து எண்ணூறு கெட்சால்."

உள்ளூர்ப் பணத்தில் எண்ணூறு என்பது டாலரில் நூறுதான். தொன் சீலோவின் மனசுக்குள் "சரி" என்றுதான் இருந்தது. அதை அவர் பிற்பாடு எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்தார்; சரி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் கை தானாக இடுப்புக்குப் போனது, கண் தானாக மலையைப் பார்த்தது, வாய் சொல்லியது: "முந்நூறு."

"ரெண்டு வண்டி பெரியவரே. ஏத்தம்."

"பின்னால இருக்குறது வெறும் கூடு. முந்நூத்தம்பது."

"எழுநூறு. டீசல் விக்கிற விலையில அதுக்குக் கீழ முடியாது."

தொன் சீலோ முதுகைக் காட்டி நடந்தார். சல்காஹாவில் அதற்கு ஒரு பொருள்தான்: கூப்பிடு, குறை. கறுப்புப் பிக்கப்பின் கதவைத் திறந்து உள்ளே எதையோ தேடுவதுபோல் நின்றார்.

"பெரியவரே" என்று அவன் கூப்பிடத்தான் செய்தான். "அவசரமாப் போகணுமா?"

அது அவன் உண்மையாகவே கேட்ட கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்கு வியாபாரத்தில் ஒரே பதில்தான் உண்டு. தொன் சீலோ இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

"அவசரம் ஒண்ணுமில்ல. வீட்டுக்குத்தான போறேன். இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு."

"அப்ப சரி" என்று அவன் ஏறிவிட்டான். "மேல கான்தெல் ஊர்ல ஒரு முட்டக்கோஸ் லாரி சாஞ்சு கெடக்கு, காலையிலேருந்து காத்துக்கிட்டு இருக்காங்க. அத முடிச்சிட்டு எறங்கி வர்றேன். அப்ப பேசிக்குவோம்."

மஞ்சள் லாரி மேகத்துக்குள் போனது. தொன் சீலோ கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். அவன் திரும்புவான், வளைவில் நிறுத்துவான், பின்னால் வருவான் என்று கொஞ்ச நேரம் நின்றார். சல்காஹாக்காரனாக இருந்தால் வந்திருப்பான்.

"போய்ட்டானா?" வெங்காயக்காரி வாய்க்காலிலிருந்து கேட்டாள்.

"வருவான்."

"கேட்டதக் குடுத்திருக்கலாமே. எங்க தாத்தா காலத்து வெலையில பேசுறீரே."

"வேற வண்டி வரும்."

"ஞாயித்துக்கிழம. எவன் வருவான்?" அவள் ஒரு கட்டை அலசிக் கரையில் போட்டாள். "பஸ்ல ஏத்துனீரே, மகளா? ஏன் அழுதுகிட்டே போனா?"

அவர் சாலையைப் பார்த்தார். வேறு யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார். இவள் எதையும் விற்கவில்லை. வெங்காயத்தைக்கூட அவருக்கு விற்கப் பார்க்கவில்லை. "அவ அண்ணன இன்னைக்கு மூணு மணிக்கு அடக்கம் பண்ணுறாங்க" என்றார்.

அவள் தண்ணீரிலிருந்து வெளியே வந்துவிட்டாள். "அப்ப நீரு?"

"நான் அப்பன்."

"யோவ்" என்றாள் அவள். ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தாள். "நான் பாத்துக்கிறேன் உன் வண்டிய. வெங்காயத்துக்குக் காவல் இருக்குறவ இதுக்கு இருக்கமாட்டேனா? அடுத்த பஸ்ல ஏறிப் போ."

அடுத்த பஸ் ஒன்றரை மணிக்கு வந்தது. அவர் பிக்கப்பை விட்டு நகரவில்லை. நீ எவ்வளவு கேக்குற என்று அவளிடம் கேட்க வாயெடுத்த வெட்கத்தாலா, வண்டி இல்லாமல் தோயாவின் முன்னால் போய் நிற்க முடியாததாலா, மூடிய பெட்டியின் முன்னால் நிற்பதற்குப் பயந்தா, அவருக்கே தெரியாது. மேகம் கீழே இறங்கிச் சாலையை மூடியது. மழை தூறியது. அவர் ஓட்டுகிற இருக்கையில் போய் உட்கார்ந்து, ஓடாத வண்டியின் சுக்கானைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு தடவை கண்ணாடியைத் தட்டினாள், பிறகு தட்டவில்லை.

மூன்று மணி ஆனது. அவர் தொப்பியைக் கழற்றினார்.

நாலரைக்கு மஞ்சள் லாரி இறங்கி வந்தது. தொன் சீலோ இறங்குவதற்குள் வெங்காயக்காரி நடுச்சாலையில் நின்று அதை மறித்துவிட்டாள். அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அவன் பல்குச்சியைத் துப்பினான். நேராகப் பிக்கப்புக்கு வந்தான்.

"ஏன் சொல்லல?" என்றான். கோபமாகக்கூட இல்லை. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த முட்டக்கோஸ அழுகட்டும்னு விட்டிருப்பேனே. அவசரமான்னு கேட்டேனே உம்மகிட்ட."

"கேட்ட" என்றார் தொன் சீலோ.

சல்காஹா முனையில், தொன் சீலோவின் வண்டிக் கொட்டகையில் அவன் இரண்டையும் இறக்கியதும் அவர் எண்ணூறை எடுத்து நீட்டினார்.

"உள்ள வைங்க."

"எண்ணூறு சொன்ன. எண்ணூறு."

"டீசலுக்கு நூறு குடுங்க, போதும்."

"எழுநூறாவது எடுத்துக்க."

"நூறு."

"ஐநூறு. உன் காலப் பிடிச்சுக் கேக்குறேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக விலையை ஏற்றப் பேரம் பேசினார். தோற்றுப்போனார். அவன் நூறை எடுத்துக்கொண்டு, தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான்.

*

வீட்டில் தரையெல்லாம் வழக்கப்படி பைன் ஊசியிலை பரப்பியிருந்தது. மிதித்து மிதித்து வாசம் எழும்பியது. கூட்டம் போய்விட்டது, கொல்லையில் இரண்டு பெண்கள் அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள். பெட்டி இருந்த இடத்தில் நான்கு மெழுகுவர்த்தியின் சொட்டு மட்டும் இருந்தது. மார்லெனி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை.

தோயா ஒரு கிண்ணத்தில் காப்பியும் ஒரு ரொட்டியும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கும் திருப்பிச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும்.

"நாலு மணி வரைக்கும் வச்சிருந்தோம்" என்றாள். "பின்னாலயே வர்றீங்கன்னு இவ சொன்னா. சாமியாரு கடியாரத்தப் பாத்தாரு. மழை வந்துருச்சு. அம்ப்ரோசியோ வேனைக் கொண்டாறேன்னாரு. நான் வேண்டாம்னுட்டேன். அவன் வண்டி இல்லேன்னா வேற எவன் வண்டியும் வேண்டாம். அப்ப அவரு சொன்னாரு, தோள்ல தூக்குவோம்னு."

"கல்லறை வரைக்குமா?"

"கல்லறை வரைக்கும். மழையில."

அவர் ரொட்டியைப் பிய்த்தார், வாயில் வைக்கவில்லை.

"ஒக்காருங்க" என்றாள். "மறக்குறதுக்குள்ள சொல்லிர்றேன். நாளைக்கு நம்ம திருப்பிச் செய்யணும்."

சல்காஹாவில் சாவு வீட்டுக்கு வந்தது எதுவும் இனாம் இல்லை. யார் எதைக் கொண்டுவந்தாலும், அவர்கள் வீட்டில் சாவு விழும்போது அதை அதே அளவில் திருப்பிக் கொண்டுபோகவேண்டும். பேரம் பேசாத ஒரே கொடுக்கல்வாங்கல் அந்த ஊரில் அதுதான். தோயா விரலை மடக்கினாள்.

"ரொட்டிக்கடைக்காரி ரெண்டு கூடை ரொட்டி. கறிக்கடை வீட்டுல இருந்து ஒரு மூட்ட சோளம். நெசவுக்காரங்க வீட்டுல சக்கர பத்து ராத்தல், மெழுகுவர்த்தி ஒரு கட்டு. அது பூரா இவ பாத்துக்குவா. நீங்க தோள் குடுத்த கணக்க மட்டும் கேட்டுக்கங்க." குரல் தட்டையாக இருந்தது, சந்தைக்குப் போனவள் வாங்கியதைச் சொல்வதுபோல். "வாசல்லேருந்து ரொட்டிக்கடை முக்கு வரைக்கும் அம்ப்ரோசியோ, அவரு மகன், கறிக்கடை அண்ணந்தம்பி ரெண்டுபேரும். அம்ப்ரோசியோ ஒசரமா, பெட்டி ஒரு பக்கமாவே சாஞ்சுச்சு. அவரு முட்டிய மடக்கிக்கிட்டே நடந்தாரு, பாவம். ரொட்டிக்கடையிலேருந்து கோயில் வரைக்கும் நெசவுக்காரங்க நாலு பேரு. கோயில்லேருந்து பாலம் வரைக்கும் அவனோட பள்ளிக்கூடத்துல படிச்சதுக நாலு. அவங்க பேரு நாளைக்கு எழுதித் தர்றேன். பாலத்துலேருந்து ஏத்தம். ஏத்தத்துக்கு யாரு வந்தா தெரியுமா? உங்ககிட்ட எஞ்சின் ஒடஞ்ச வண்டிய வாங்கி ஏமாந்துட்டு வருஷக்கணக்கா சண்ட போடுறாரே, அந்த மரக்கடைக்காரரு. அவரும் அவரு பயக மூணு பேரும். மேல வரைக்கும் அவங்கதான், எறக்கவே இல்ல."

"பதினாறு" என்றார் தொன் சீலோ. அவர் வாய் தானாகவே கூட்டிவிட்டது.

"பதினாறு. இவங்க வீட்டுல யாரு போனாலும் நீங்க போகணும். வண்டி வாங்க டெக்சாஸ் போயிருக்கேன்னு சொல்லக்கூடாது."

"போறேன்."

"மரக்கடைக்காரரு வீட்டுக்கும்."

"அவரு வீட்டுக்கு மொதல்ல."

அவள் மடக்கிய விரல்களைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. அவர் தன் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு மறுபடியும் கணக்குப் போட்டார். பதினாறு பேருக்கு ஆளுக்கு ஒன்று. ஆயுசு இருந்தால் அடைத்துவிடலாம். ஓஸ்வெலிக்கு அப்பன் தோள் ஒன்று. அது அடைக்க வழியில்லாமல் நின்றது.